கல் காணாமல் போனால் எல்லையும் காணாமல் போகுமா?

‘‘எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவே, வாய்க்கால் ஓரமாக ஓர் எல்லைக்கல் இருந்தது. தூர்வாரும்போது ஜே.சி.பி-யில் சிக்கி அது காணாமல் போய்விட்டது. பக்கத்து வயல், பெரியப்பா மகனுடையது. அண்ணன் செல்போன் செயலியை வைத்துக்கொண்டு வரப்பில் நடந்துபார்த்துவிட்டு, ‘வரப்பு என் பக்கம் 4 மீட்டர் ஏறி வந்திருக்கிறது’ என்கிறார். சர்வேயரை அழைக்கலாம் என்றால், ‘கல்லே இல்லாத இடத்தில் அவர் எதை வைத்து அளப்பார்?’ என்று கேட்கிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய்விட்டது. கல் போனால் எல்லையும் போய்விடுமா? செல்போன் காட்டுவதை நம்பலாமா?’’

- வாசகர் ஒருவர், திருவாரூர் மாவட்டம்.

கல் போனால் எல்லை போகாது. செல்போன் காட்டும் இடத்துக்கு வரப்பை மாற்றவும் கூடாது. இந்த இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான். எந்த எல்லைக்கல்லும் தனியாக நிற்பதில்லை. ஒவ்வொரு கல்லும் வேறு சில கற்களோடு அளவால் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு இருக்கும்வரை, விழுந்த கல்லைத் திரும்ப அதே இடத்தில் நட முடியும்.

முதலில், 4 மீட்டர் என்பது எவ்வளவு நிலம் என்று பார்த்துவிடலாம். வரப்பின் நீளம் 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டர் நகர்த்தினால் 400 சதுர மீட்டர் கைமாறும். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். அப்படியானால், கிட்டத்தட்ட 10 சென்ட். டெல்டா கணக்கில் ஏறக்குறைய 30 குழி. ஒரு செயலியின் பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுக்கும் அளவா இது? அதே சமயம், உண்மையிலேயே அந்த 30 குழி அண்ணனுடையது என்றால், அதைத் தம்பி வைத்துக்கொள்வதும் நியாயமில்லை. எனவே, இரண்டு பேருக்குமே சரியான அளவு தேவைப்படுகிறது.

கல்லைத் தாங்கும் கணக்கு

எஃப்.எம்.பி என்று எல்லோரும் சொல்லும் புலப்படம், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உண்டு. அதில் நிலத்தின் மூலைகள், வளைவுகள் எல்லாம் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். வெளி எல்லைக்கோட்டுக்கு எஃப்-லைன் என்று பெயர். நிலத்தின் குறுக்கே மூலைக்கு மூலை போகும் கோட்டுக்கு ஜி-லைன் என்று பெயர். இந்தக் குறுக்குக்கோடு, வயலை முக்கோணங்களாகப் பிரிக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் எத்தனை மீட்டர் போனால் வரப்பின் வளைவு வரும் என்பதும் படத்திலேயே இருக்கும்.

முக்கோணமாகப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. நான்கு மூங்கில் கழிகளைச் சதுரமாகக் கட்டி ஓர் ஓரத்தை அழுத்தினால், அது சாய்ந்துவிடும். மூன்று கழிகளை முக்கோணமாகக் கட்டினால் அசையாது. மூன்று பக்கங்களின் நீளமும் தெரிந்துவிட்டால், அந்த முக்கோணம் ஒரே வடிவத்தில்தான் நிற்க முடியும். எல்லைக்கல்லைத் திரும்ப நடும் வேலையும் இதை நம்பித்தான் நடக்கிறது.

காணாமல் போன கல்லுக்கு அருகே, அசையாமல் இருக்கும் இரண்டு கற்களை சர்வேயர் தேடுவார். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, புலப்படத்தில் உள்ள தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போனால், அவை நம்பத்தக்க கற்கள். பிறகு, காணாமல் போன கல்லுக்குப் படத்தில் எழுதியிருக்கும் தூரத்தை இரண்டு கற்களிலிருந்தும் பிடிப்பார். இரண்டு நாடாவும் சந்திக்கும் இடமே கல் இருந்த இடம். மூன்றாவதாக ஒரு கல்லிலிருந்தும் அளந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். பல நேரங்களில் அந்த இடத்தைத் தோண்டினால், வண்டல் மூடிய பழைய கல்லே கிடைத்துவிடுவதும் உண்டு.

அந்தப் புலத்தில் ஒரு கல்லும் மிஞ்சவில்லை என்றால், பக்கத்துப் புலத்தின் கற்களுக்குப் போக வேண்டும். அங்கேயும் இல்லையென்றால், மூன்று கிராமங்களின் எல்லை சேரும் இடத்தில் உள்ள முச்சந்திக் கல்வரை போக வேண்டியிருக்கும். இப்படிக் கல்லுக்குக் கல், புலத்துக்குப் புலம், கிராமத்துக்குக் கிராமம் கைகோத்து நிற்பதைத்தான் நில அளவையின் ஆதார வலை என்கிறோம்.

பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணம்

இந்த வலையின் முதல் கண்ணி தமிழ்நாட்டில்தான் போடப்பட்டது. 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். கோட்டின் மறுமுனை பெரும்பாக்கம் பக்கம். தூரம் சுமார் 12 கிலோமீட்டர். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை 400 முறை போட்டு அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. இன்று பேருந்தில் அரை மணி நேரத்தில் கடக்கும் தூரம் அது.

இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் அல்ல. சித்திரை வெயிலில் இரும்பு நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால், தூரம் குறைவாகக் கணக்கில் வரும். அதனால் சங்கிலியைப் பெட்டிகளில் படுக்கவைத்து, நிழல் கொடுத்து, வெப்பமானியில் சூட்டைக் குறித்து, ஒவ்வொரு முறையும் நீளத்தைத் திருத்தினார்கள். அடிக்கோடு தவறினால் அதன்மேல் எழும்பும் எல்லாமே தவறும் என்பதால் இத்தனை பொறுமை.

அந்த ஒரு கோடு சரியாகத் தெரிந்த பிறகு, தூரத்தைத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டியிருக்கவில்லை. கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் ஒரு குன்றைப் பார்த்து, கோணத்தை மட்டும் அளந்தால் போதும். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். கிடைத்த பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். அதை வைத்து அதற்கடுத்தது. கோணம் அளக்கும் தியோடலைட் கருவி, அரை டன் எடை கொண்டது. குன்று இல்லாத காவிரிச் சமவெளியில், தென்னையும் பனையும் பார்வையை மறைத்ததால் கோயில் கோபுரங்களின்மேல் அதை ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயிலில் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்துதான் வேலையைத் தொடர்ந்தார்.

இப்படி வளர்ந்த முக்கோணச் சங்கிலி, கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம்வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீண்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டதும் இந்த வலையை வைத்துத்தான். சென்னை மாகாணத்தில் 1858-ல் வருவாய் நில அளவைக்குத் தனித் துறை வந்தபோது, கிராமங்களைச் சுற்றி எடுத்த அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ள இந்த முக்கோணப் புள்ளிகள் கைகொடுத்தன. ஒரு கிராமத்தின் பிழை அடுத்த கிராமத்துக்குத் தொற்றாமல் தடுத்தது இந்தப் பெரிய வலைதான்.

செல்போன் ஏன் தடுமாறுகிறது?

இன்று குன்றுகளுக்கும் கோபுரங்களுக்கும் பதிலாக, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோளும், தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, செல்போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால், நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

கணக்கு சுலபம்தான். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 30 சென்டிமீட்டர் மாறிவிடும். கோளின் கடிகாரத்தில் சிறு பிசகு, அதன் பாதையில் சிறு விலகல், வானத்தின் மேலடுக்கில் மின்னேற்றம், கீழடுக்கில் ஈரப்பதம் என ஒவ்வொன்றும் செய்தியைத் தாமதப்படுத்தும். தென்னை மட்டையிலும் கட்டடச் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும் செய்தி, இன்னும் குழப்பும். எல்லாம் சேர்ந்து, வெட்டவெளியிலேயே சாதாரண செல்போன் 3 முதல் 5 மீட்டர்வரை தவறு செய்யும். தோப்புக்குள் இன்னும் கூடும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கிணற்று மேடையில் ஒரே இடத்தில் செல்போனை வைத்து, செயலி காட்டும் எண்களைக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எழுதி வைக்க வேண்டும். புள்ளிக்குப் பிறகு வரும் ஐந்தாவது இலக்கத்தில் ஒன்று மாறினால், நிலத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் மாறுகிறது என்று பொருள். கிணறு நகரவில்லை. ஆனால், எண்கள் நகர்ந்திருக்கும். அண்ணன் பார்த்த 4 மீட்டரும் இந்த நகர்வாகவே இருக்கலாம். செயலியில் தெரியும் செயற்கைக்கோள் படத்தின்மேல் போட்டிருக்கும் சர்வே எண் கோடுகளும் இப்படித்தான். நிலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவை உதவும். வரப்பு வெட்ட உதவாது.

முத்திரை எடைக்கல் போல ஒரு நிலையம்

சந்தையில் தராசின்மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? முத்திரை போட்ட ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்ப்போம். தராசு 1,050 கிராம் காட்டினால், 50 கிராம் பிசகு என்று தெரிந்துவிடும். அதே தராசில் நிறுக்கும் மற்ற பொருளிலும் அந்தப் பிசகைக் கழித்துக்கொள்ளலாம்.

நில அளவையில் அந்த எடைக்கல்லின் வேலையைச் செய்வதுதான் ‘கோர்ஸ்’ நிலையம். இரவு பகலாக ஓயாமல் இயங்கும் குறிப்பு நிலையம் என்பது இதன் பொருள். உறுதியான கட்டடத்தில் அசையாமல் பொருத்திய ஒரு கருவி அது. தான் இருக்கும் இடம் அதற்கு முன்கூட்டியே மிகத் துல்லியமாகத் தெரியும். செயற்கைக்கோள் சொல்லும் இடத்தையும் உண்மையான இடத்தையும் ஒப்பிட்டு, இந்த நிமிடம் இவ்வளவு பிசகு என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். சில பத்து கிலோமீட்டர் சுற்றளவில் வானமும் கோள்களும் பொதுவானவை என்பதால், பக்கத்து வயலில் நிற்கும் கருவிக்கும் ஏறக்குறைய அதே பிசகுதான் இருக்கும். அந்தத் திருத்தத்தை இணையம் வழியாக வாங்கிக்கொண்டு இடத்தைச் சொல்லும் கருவிதான், சர்வேயர்கள் கம்பில் பொருத்திக் கொண்டுவரும் ‘ரோவர்’.

திருத்தத்தோடு அளக்கும்போது பிசகு சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 100 மீட்டர் வரப்பில் 5 சென்டிமீட்டர் பிசகு என்றால், 5 சதுர மீட்டர். அதாவது, சென்ட்டில் எட்டில் ஒரு பங்கு. 10 சென்ட் எங்கே, அரைக்கால் சென்ட் எங்கே?

இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதும் இத்தகைய நிலையங்களை நிறுவியிருக்கிறது. தமிழ்நாடு அரசின் நில அளவைத் துறையும் தனக்கென நிலையங்களை அமைத்திருக்கிறது. இவை ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டும் இருக்கின்றன. அதற்கும் தேவை இருக்கிறது. இந்தியா அமர்ந்திருக்கும் நிலத்தட்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. இருபது ஆண்டுகளில் ஒரு மீட்டர். இதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஊரே, வயலே, கல்லே சேர்ந்துதான் நகர்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம் மாறாது. ஆனால், எண்ணாக எழுதி வைத்த இடத்தைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடும்போது, இந்த நகர்வையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிலையங்கள் அதைக் கவனித்துக்கொள்கின்றன.

கருவி சொல்வதும், சொல்லாததும்

ரோவர் வந்துவிட்டால் எல்லாத் தகராறும் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்தப் புள்ளிவரை நிலம் யாருடையது என்பதைப் பத்திரமும் பட்டாவும் புலப்படமும்தான் சொல்ல வேண்டும்.

பழைய புலப்படங்களில் தூரங்கள் மட்டும்தான் உண்டு. செயற்கைக்கோள் எண்கள் கிடையாது. அதனால், ரோவரோடு வரும் சர்வேயரும் முதலில் பழைய கற்களைத்தான் தேடுவார். கிடைத்த கற்களை அளந்து, படத்தை அவற்றோடு பொருத்திய பிறகுதான் காணாமல் போன கல்லின் இடத்தைக் கணக்கிட முடியும். யாரோ எப்போதோ நகர்த்தி நட்ட கல்லை நம்பி அளந்தால், தவறான இடத்தை மிகத் துல்லியமாகக் காட்டிவிடும். அதனால்தான் இரண்டு கற்களோடு நிற்காமல், மூன்றாவது, நான்காவது கல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஒரு முறை சரியாக அளந்து, கற்களின் இடம் குறிப்பு நிலையங்களோடு இணைத்துப் பதிவாகிவிட்டால், லாபம் பெரிது. அதன் பிறகு வெள்ளம் வந்தாலும், ஜே.சி.பி வந்தாலும், சுற்றியுள்ள அத்தனை கற்களும் போனாலும், எல்லையைத் திரும்ப நிலத்தில் காட்ட முடியும்.

இந்த வாசகர் செய்ய வேண்டியது

முதல் வேலையாக, வரப்பை யாரும் தொடுவதில்லை என்று இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். நேராகப் பேச முடியாவிட்டால், இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு பெரியவரை வைத்துப் பேசலாம்.

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்துப் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தன்னுடைய புலப்படம் மட்டும் போதாது. அண்ணனுடைய சர்வே எண்ணின் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும. பொதுவான வரப்பின் நீளம் இரண்டு படங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒன்றாக இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

அடுத்து, அத்துக்காட்டக் கோரி நில அளவைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘தமிழ்நிலம்’ இணையதளத்திலோ, இ-சேவை மையத்திலோ கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே விண்ணப்பித்தால் இன்னும் நல்லது. ‘அவர் கூப்பிட்டுவந்த சர்வேயர்’ என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது.

அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரும் இருக்க வேண்டும். அதற்கு முன்பாக, மூலைகளில் மண்டியிருக்கும் புதரையும் சீமைக் கருவேலத்தையும் வெட்டிவிட்டால் கற்கள் கண்ணுக்குத் தெரியும். அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு முன் உள்ள இடைவெளியே இதற்கு ஏற்ற காலம். எந்தக் கற்களை ஆதாரமாக வைத்து அளக்கிறார் என்பதை சர்வேயரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அளந்த முடிவில் திருப்தி இல்லையென்றால், மறு அளவை கேட்டு மாவட்ட நில அளவை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே தகராறு என்றால், அதற்கான இடம் உரிமையியல் நீதிமன்றம்.

எல்லைக்கற்களைப் பராமரிக்கும் பொறுப்பு நில உரிமையாளருக்கே உண்டு என்கிறது, 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். கல் காணவில்லை என்று தெரிந்த உடனே கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது, பின்னால் வரும் பழியிலிருந்து காப்பாற்றும்.

கல்லுக்கு மூன்று சாட்சி

கல் இருக்கும்போதே ஒவ்வொரு விவசாயியும் செய்துவைக்க வேண்டிய வேலை இது. செலவு, ஓர் அளவு நாடாவும் அரை மணி நேரமும்தான்.

* எல்லைக்கல்லுக்கு அருகே எளிதில் நகராத மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுக்கவும். கிணற்றுச் சுவரின் மூலை, மதகின் விளிம்பு, மோட்டார் அறையின் மூலை போன்றவை ஏற்றவை. மரம் என்றால் வெட்டப்படலாம்.
* கல்லின் நடுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை, நாடாவைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து அளக்கவும்.
* இரண்டு சாட்சி மட்டும் இருந்தால், நாடாக்கள் இந்தப் பக்கம் ஓர் இடத்திலும் அந்தப் பக்கம் ஓர் இடத்திலும் சந்திக்கும். எது சரி என்பதைச் சொல்ல மூன்றாவது சாட்சி வேண்டும்.
* மூன்று சாட்சியும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது.
* அளவுகளை ஒரு தாளில் படமாக வரைந்து, தேதி எழுதி, பக்கத்து நிலத்துக்காரரின் கையெழுத்தும் வாங்கிப் பட்டாவோடு வைக்கவும். கல்லைப் புகைப்படமும் எடுத்துவைக்கலாம்.

இது அரசு அளவைக்கு மாற்று அல்ல. ஆனால், மண்ணுக்குள் புதைந்த கல்லை எங்கே தோண்டித் தேடுவது என்பதை இதைவிட வேகமாக யாரும் காட்ட முடியாது.

‘‘எங்கள் தோட்டம் கடற்கரையிலிருந்து 3 கிலோமீட்டரில் இருக்கிறது. செல்போன் செயலி ஒன்று, உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே என்று காட்டுகிறது. நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டதா? பண்ணைக்குட்டைக்கு வாய்க்கால் வெட்ட இந்த உயரத்தைப் பயன்படுத்தலாமா?’’

- வாசகி ஒருவர், நாகப்பட்டினம் மாவட்டம்.

நிலம் எங்கும் போகவில்லை. செயற்கைக்கோள் கருவிகள், பூமியை ஒரு வழவழப்பான முட்டை வடிவமாக வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து உயரத்தைச் சொல்கின்றன. உண்மையான கடல் அப்படி வழவழப்பாக இல்லை. ஈர்ப்பு விசை கூடிய இடத்தில் கடல் மேடாகவும், குறைந்த இடத்தில் பள்ளமாகவும் இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான அப்படிப்பட்ட பள்ளம், நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டுப் பகுதியில் கடல் மட்டமே அந்தக் கணக்கு முட்டையைவிட ஏறக்குறைய 80 முதல் 100 மீட்டர் கீழே இருக்கிறது. இந்த வித்தியாசத்தைச் சரிசெய்து காட்டும் செயலிகளும் உண்டு. சரிசெய்யாத செயலியில் மைனஸ் வரும்.

தண்ணீர், முட்டை வடிவத்தைப் பார்த்து ஓடுவதில்லை. உண்மையான மட்டத்தைப் பார்த்துத்தான் ஓடும். அதனால்தான் உயரத்துக்கென்று தனியாக ஒரு வலை இருக்கிறது. துறைமுகங்களில் ஆண்டுக்கணக்கில் கடல் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து, சராசரி மட்டத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து படிப்படியாக உள்நாட்டுக்கு மட்டம் எடுத்துக் கல் நட்டிருக்கிறார்கள். ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் எழுதியிருக்கும் ‘கடல் மட்டத்துக்கு மேல்’ என்ற உயரமும் இப்படி வந்ததுதான்.

வாய்க்கால் வெட்ட செல்போன் உயரம் உதவாது. அதில் வரும் பிசகு பல மீட்டர். கடைமடைப் பகுதியில் வாய்க்காலின் வாட்டமோ சில சென்டிமீட்டர்தான். தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயால் ரசமட்டம் பார்ப்பது, செல்போனைவிட எத்தனையோ மடங்கு நம்பகமானது. பெரிய வேலை என்றால், மட்டம் பார்க்கும் கருவியோடு வேளாண் பொறியியல் துறையினரை வரவழைத்து அளந்துகொள்ளலாம்.

‘‘பட்டாவில் 0.40.50 ஹெக்டேர் என்று இருக்கிறது. புதுக் கருவியால் அளந்தபோது 98 சென்ட்தான் வந்தது. மீதி 2 சென்ட் எங்கே போனது?’’

- வாசகர் ஒருவர், திருச்சி மாவட்டம்.

0.40.50 என்பது 40.5 ஏர்ஸ். ஓர் ஏர்ஸ் என்பது 2.47 சென்ட். பெருக்கினால் 100 சென்ட், அதாவது ஒரு ஏக்கர். மீதி 2 சென்ட்டை யாராவது எடுத்துக்கொண்டார்களா என்பதைப் பரப்பளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

பழைய அளவைகள், 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியால் எடுக்கப்பட்டவை. வருடக்கணக்கில் இழுபட்ட சங்கிலியில் கண்ணிகள் தேய்ந்து நீளும். மேடு பள்ளத்தில் சங்கிலி சாய்வாகக் கிடந்திருக்கலாம். கணக்கிடும்போது எண்களை முழுமையாக்கியிருக்கலாம். இத்தகைய சிறு வித்தியாசங்கள் கற்கள் அசையாத நிலத்திலும் வருவதுண்டு.

எனவே, பரப்பளவைப் பார்ப்பதற்கு முன் எல்லையைப் பார்க்க வேண்டும். நான்கு மூலைக் கற்களும் புலப்படத்தில் உள்ள தூரங்களோடு ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போனால், நிலம் முழுதாக இருக்கிறது, எண்ணில்தான் வித்தியாசம். ஒரு பக்கம் மட்டும் குறைகிறது என்றால், அந்தப் பக்கத்து வரப்பு நகர்ந்திருக்கிறது. அப்போது அத்துக்காட்டக் கோரி விண்ணப்பிக்கலாம். பத்திரத்தில் சொன்ன எல்லைக்கும் பரப்பளவுக்கும் முரண் வரும்போது, நீதிமன்றங்களும் பொதுவாக எல்லைக்கே முதலிடம் கொடுக்கின்றன. 2 சென்ட்டுக்காக வழக்குப் போடுவதற்கு முன், ஒரு நாள் நாடாவோடு வரப்பைச் சுற்றி வருவது செலவைக் குறைக்கும்.